நான் கூட்டிவந்த ஆள்

கொல்லிமலையில் வீட்டு வாசல்கள் எல்லாம் தணிவாக இருக்கும். கூரைப் புல் காற்றில் பிய்ந்துபோகாமலிருக்கத் தாழ இறக்கி வேய்ந்திருப்பார்கள். உள்ளே போக நானே தலையைக் குனிய வேண்டும். என்னைவிட ஒரு முழம் உயரமான அவரோ இடுப்பையும் வளைக்க வேண்டும், முழங்காலையும் மடக்க வேண்டும். ஆனால் வலது முழங்கால் மடங்காது. அதனால் நீட்டிய காலை முதலில் உள்ளே அனுப்புவார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து தோளை அனுப்புவார். கடைசியில் தலை வரும். உள்ளே இருப்பவர்கள் அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். தலை வந்து சேர்ந்ததும் எல்லோரும் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு மனிதன் வீட்டுக்குள் நுழைவதையே பத்துப் பேர் ஆசையாகப் பார்க்கிறார்கள். அது எப்பேர்ப்பட்ட கொடுப்பினை! நானும் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்மேல் எனக்குப் பொறாமை. அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் மட்டும் "அவன்" என்று சொல்லிக்கொள்வேன். அவர் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போதும் அது முழுசாக விட்டுப் போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேனே, அதற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

அவர் சம்பளத்துக்குப் பந்து விளையாடியவர். வெள்ளைக்காரன் காலத்தில், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றின் பாஸ்கெட்பால் டீமில் ஐந்து வருஷம் ஆடினார். மில் பதிவேட்டில் எங்கள் எல்லோர் பெயரும் தொழிலாளி என்றுதான் இருக்கும். காலையில் இரண்டு மணி நேரம் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவோம். ஊர் ஊராகப் போய் ஆடிக் கோப்பை வாங்கி வருவதுதான் எங்கள் உண்மையான வேலை.

அந்த டீமுக்கு அவரைக் கூட்டிப்போனது நான். இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்தில் புளியஞ்சோலைக்குப் பக்கம். கீழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்த ஆட்டம் கைவந்தது. எந்தப் பக்கம் நின்று எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும். அதை வைத்துத்தான் மில்லில் சேர்ந்தேன். அந்தக் காலத்து விதிப்படி ஒவ்வொரு தடவை கூடை விழுந்த பிறகும் பந்து மைதானத்தின் நடுவுக்குப் போய்விடும். ரெஃப்ரீ அதை மேலே தூக்கிப் போடுவார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொருவர் எகிறித் தட்ட வேண்டும். யார் பக்கம் உயரமான ஆள் இருக்கிறானோ அவர்களுக்குத்தான் பந்து. எங்கள் நெட்டை ஆள் ரயில்வேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மானேஜர் துரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மலையிலிருந்து வாழைத்தாரும் மிளகு மூட்டையும் சுமந்துகொண்டு புளியஞ்சோலைக்கு இறங்கி வருகிற ஒரு மலைக்காரர் அப்போது என் நினைவுக்கு வந்தார். ஓடையில் மற்றவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர் ஓடினால் அவருக்குத் தொடையைத் தாண்டாது. நான் மலை ஏறிப் போனேன். அவர் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் வேலையாக இருந்தார்கள். மில்லில் ஒரு வேலை இருக்கிறது, வாருங்கள் என்றேன்.

"என்ன வேலைங்க?" என்று கேட்டார்.

"பந்தெ மேல தூக்கிப் போடுவாங்க. நீங்க எகிறித் தட்டோணும்."

"தட்டி?"

"எங்கிட்டக் குடுக்கோணும்."

"அப்புறமுங்க?"

"நான் கூடையில போடுவேன்."

கொஞ்சம் யோசித்தார். "கூடை நெறைஞ்சு போச்சுன்னா?"

"நெறையாதுங்க. கூடைக்கு அடி இல்லை."

களை எடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். "அடியில்லாத கூடையில பந்து போடறதுக்கு வெள்ளைக்காரன் கூலி குடுக்கறானா? பாவம் சாமி, போயி நாலு நாளைக்கு இருந்துட்டு வா. அதுக்குள்ள அவனுக்கே புத்தி வந்துரும்."

காடே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு என்னோடு கிளம்பினார். நாலு நாள் ஐந்து வருஷமாயிற்று.

முதல் மாதம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பந்தை இரண்டு கையாலும் பலாப்பழம்போல் அணைத்துக்கொண்டு ஓடுவார். இரண்டாம் மாதம் பழகிவிட்டது. மூன்றாம் மாதத்திலிருந்து அவர் எகிறினால் எதிராளியின் கை அவர் முழங்கைக்குத்தான் எட்டும். பந்து தப்பாமல் என் கைக்கு வரும். நான் போட்ட கூடைகளில் முக்கால்வாசி அவர் தட்டிக் கொடுத்தவை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் போட்டவன் நான்தானே!

கூட்டம் அவருக்கு "மலை" என்று பெயர் வைத்தது. மைதானத்துக்குள் அவர் காலை வைத்ததும் "மலை! மலை!" என்று கத்துவார்கள். நான் கூடையில் போட்டால் கை தட்டுவார்கள். தட்டிக்கொண்டே கண்ணை அவர் பக்கம் திருப்பிவிடுவார்கள். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் தெரியும்.

உயரமானவன் என்பதற்காக மட்டும் அத்தனை பேரும் அவரை விரும்பவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதிராளியின் மேல் தன் கை தவறிப் பட்டுவிட்டால், விசில் வருவதற்கு முன்பே கையை உயர்த்தி, "நானுங்க" என்று சொல்லிவிடுவார். முதல் தடவை அப்படிச் சொன்னபோது ரெஃப்ரீ எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொதித்துப் போனேன்.

"விசிலே அடிக்கலியே அண்ணா, எதுக்குக் கையத் தூக்கினீங்க?"

"பட்டுச்சே தம்பி."

"பட்டா என்ன? அவங்க பாக்கலியே."

"அவங்க பாக்கலைங்க. ஆனா பட்டுச்சே."

அதற்குமேல் அவரிடம் பேச ஒன்றும் இருக்காது. பிடிவாதமாகவும் சொல்லமாட்டார், பெருமையாகவும் சொல்லமாட்டார். மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொல்லுவார்.

இதனால் டீமுக்கு நஷ்டம் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. ஒரு வருஷத்துக்குள் ரெஃப்ரீக்கள் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் கை உயரவில்லையென்றால் தப்பு இல்லை என்று முடிவு கட்டினார்கள். எதிர் டீம்காரர்களும் "மலை சொல்லிட்டா சரி" என்று நகர்ந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்ற டீம் ஆட்கள்கூட அவர் தோளில் கைபோட எக்கிக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கும் ஆசை வந்தது. கரூரில் ஒரு ஆட்டத்தில் என் கை ஒருவன் முதுகில் பட்டபோது நானும் சட்டென்று கையை உயர்த்தினேன். "நான்தாங்க!" என்று உரக்கச் சொன்னேன். ரெஃப்ரீ என்னைத் திரும்பிப் பார்த்து, "தெரியும், பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார். கூட்டத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. அதற்குப் பிறகு நான் கையை உயர்த்தியதே இல்லை.

ஆட்டத்தையெல்லாம் விட்ட பிறகும் அவருடைய இந்த வழக்கம் போகவில்லை. யுத்த சமயத்தில் மில் டீம் கலைந்தபோது எனக்கு வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. மனைவியோடு மலையிலேயே குடியேறினேன். அவர் அதற்கு வெகு முன்பே காலைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பிச் சாமையும் மிளகுமாக இருந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு மணி நேர நடையில் அவர் ஊர். இத்தனை பெரிய உலகத்தில் பிழைப்புக்கு எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை பாருங்கள்.

நான் வந்த முதல் கோடையில் அவர் ஊர்க்காரர்கள் விதைப்புக்காகச் சரிவில் புல்லுக்குத் தீ வைத்தார்கள். காற்று திரும்பி, தீ சர்க்கார் காட்டுக்குள் ஏறிவிட்டது. எங்கள் தோட்டத்து ஆட்களும் ஓடிப்போய்த் தழை வெட்டி அடித்து அணைத்தோம். மறுநாள் ஃபாரஸ்ட் கார்டு வந்து ஊரை ஒரே இடத்தில் நிறுத்தினார்.

"எவன்டா தீ வெச்சது?"

ஆறேழு பேர் சேர்ந்து வைத்த தீ. எல்லோரும் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானுங்க" என்றார் அவர். "காத்து திரும்பிருச்சுங்க. நான் கவனிச்சிருக்கோணும். கவனிக்கலீங்க."

கார்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தன் தகரப் பெட்டியையும் படுக்கையையும் தூக்கி அவர் தலையில் வைத்தார். "அடிவாரம் வரைக்கும் சுமந்துட்டு வா" என்றார். மடங்காத அந்தக் காலோடு அவர் புளியஞ்சோலைப் பாதையில் இறங்கினார். படிப்படியாகச் செதுக்கிய கல் பாதை அது. நல்ல காலுக்கே முழங்கால் நடுங்கும். மறுநாள் உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்பி வந்தார்.

அந்த வருஷம் அவர் காட்டில் அவர் ஒரு களைகூடப் பிடுங்கவில்லை. ஊரே இறங்கிப் பிடுங்கியது. யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தாங்களாகவே வந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரியாதை எனக்கும் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் பெட்டியைச் சுமக்கவேண்டும் என்று மட்டும் தோன்றவேயில்லை.

என் மனைவிக்கு அவர் சொந்த அண்ணன் மாதிரி ஆகிவிட்டார். மலைக்கு வந்த மூன்றாம் மாதத்திலிருந்தே அவள் அடுப்புக்கு மேலே பரண் கட்டுவதிலிருந்து காய்ச்சலுக்கு எந்தக் கஷாயம் என்பதுவரை அவரைக் கேட்டுத்தான் செய்வாள். நான் ஒன்று சொன்னால், "இருங்க, அண்ணனைக் கேட்டுக்கறேன்" என்பாள். அவள் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. தப்பில்லாமல் சொன்னதுதான் எனக்கு எரிந்தது.

ஒருநாள் அவர் சோளக்காட்டுச் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் மோர் குடிக்க உட்கார்ந்தார். என் மனைவி கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, திருச்சியில ஷீல்டு வாங்கின ஆட்டத்தெப் பத்தி இவரு எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. நீங்க சொல்லிக் கேட்டதில்லையே?"

அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "கடைசி ரெண்டு நிமிசம் நான் வெளிய உக்காந்திருந்தனுங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரர்தான் கெலிச்சுக் குடுத்தாரு. நான் சும்மா எடுத்துக் குடுக்கற ஆளுங்க."

அவர் போன பிறகு என் மனைவி, "எத்தனை பெரிய மனசு பாத்தீங்களா?" என்றாள். என்னைப் புகழ்ந்தவருக்குத்தான் அந்தப் பாராட்டும் போயிற்று.

திருச்சி ஆட்டத்தைப் பற்றி என் மனைவியிடம் நான் எத்தனையோ தடவை சொன்னது உண்மை. ஒருதடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லுகிறேன்.

கடைசி ஆட்டம். நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். முடிய இரண்டு நிமிஷம். அந்தக் காலத்தில் ஒரு ஆள் நாலு ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும். எனக்கு மூன்று ஆகியிருந்தது. அவருக்கும் மூன்று. அதில் இரண்டு அவர் தானே கையை உயர்த்தி வாங்கிக்கொண்டவை. எதிர் டீம் ஆள் ஒருவன் எங்கள் கூடைக்குக் கீழே எகிறினான். நாங்கள் இரண்டு பேரும் அவனோடு எகிறினோம். நான் அவன் மணிக்கட்டில் அடித்தேன். பந்தில் அடிப்பதாக நினைத்து அடிக்கவில்லை. தெரிந்தே, ஓங்கி அடித்தேன்.

விசில் கேட்டது. ரெஃப்ரீ எங்கள் முதுகுப்பக்கம் இருந்தார். அடி விழுந்தது தெரிந்ததே தவிர யார் கை என்று தெரியவில்லை. "யாரு?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையை உயர்த்தினார்.

"நானுங்க."

மறுபேச்சுக்கே இடமில்லை. மலை சொல்லிவிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. வெளியேற்றப்பட்ட ஆளுக்கு அத்தனை கைதட்டல்! அடிபட்டவன் தனக்குக் கிடைத்த இரண்டு எறிகளையும் தவறவிட்டான். பந்து எங்கள் பக்கம் வந்தது. எங்கெங்கோ சுற்றி என் கைக்கு வந்தபோது நான் எறிந்தேன், விழுந்தது. மறுபடி நடுவில் பந்தைத் தூக்குவதற்குள் நேரம் முடிந்தது. ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

என்னைத் தூக்கினார்கள். நாலு பேர் தோளில் இருந்தபடி திரும்பிப் பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் அவரைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள்.

மறுவாரம் மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். "உன் நண்பன் அடுத்த வருஷம் ஆடுவானா?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். அவருடைய முழங்கால் ஒரு வருஷமாகவே சரியில்லை. அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால் யாரும் பார்க்காமல் துணி சுற்றிவிடச் சொல்லி என்னிடம்தான் காலை நீட்டுவார். "டாக்டர்கிட்டச் சொல்லாதீங்க தம்பி, இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிப்புடலாம்" என்று சொல்லியிருந்தார்.

"அவர் முழங்கால் போயாச்சுங்க துரை. வெளிய காட்டிக்கறதில்லை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் அதில் வசதி. டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்தார். மாதம் முடிவதற்குள் ஒரு கம்பளியைக் கொடுத்து அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ரயிலடிக்கு நான்தான் கூடப் போனேன். "டாக்டருக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ" என்றார். "டாக்டராச்சே அண்ணா" என்றேன்.

அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். நடுவில் எகிற ஆள் இல்லை. என் கைக்குப் பந்தே வரவில்லை.

இதெல்லாம் முடிந்து பத்து வருஷம் இருக்கும். தோட்டத்தில் காப்பிப் பழம் எடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வாலிபன் சோளக்காட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஏறி வந்தான். எங்கள் பழைய மில்லின் ஆபீஸ் கிளார்க். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இங்கே மலைன்னு ஒரு பழைய பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் இருக்காராமே, அவர் ஊருக்கு எப்படிப் போகணும்?" என்றான்.

"என்ன விஷயம்?"

"மில் ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷ விழாங்க. ஷீல்டு ஜெயிச்ச டீமுக்கு மேடையில மரியாதை பண்றாங்க. மத்தவங்களுக்கெல்லாம் கடுதாசி போட்டாச்சு. இவரை மட்டும் நேர்ல போய்க் கூட்டிட்டு வரணும்னு உத்தரவு."

"நானும் அந்த டீம்தான்" என்றேன். பெயரையும் சொன்னேன்.

அவன் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தான். "ஆமா, உங்க பேரும் இருக்கு. கடுதாசி வரலீங்களா? பழைய விலாசத்துக்குப் போயிருக்கும்" என்றான். பிறகு, "அவர் ஊருக்கு இன்னும் எத்தனை தூரம்?" என்றான்.

"ரொம்ப தூரம். அவரால எறங்க முடியாதுங்க. கால் சுத்தமா முடியாது. நீங்க போறது வீண்" என்றேன். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இன்னும் நடக்காமல் தப்பித்தோம் என்று கோட்டை எடுத்துக்கொண்டான்.

பின்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "நேத்துத்தான் சந்தைக்கு வாழைத்தார் சுமந்துட்டு வந்தாரு. ஒரு மணி நேரத்து வழி. இவரே கூட்டிட்டுப் போவாருங்க" என்று அவனிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அவர் பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கிளார்க் சொன்னதையெல்லாம் மிளகைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"திருச்சி ஆட்டத்துக்காகத்தானுங்க கூப்பிடறாங்க?"

"ஆமாங்க. மேடையில உக்கார வெச்சு, சால்வை போட்டு…"

"அப்ப அது எனக்கில்லீங்க."

கிளார்க்குக்குப் புரியவில்லை. இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு என் கை அந்தப் பையன் மேல படவே இல்லீங்க" என்றார் அவர். "முழங்கால் அதுக்கு முந்தியே போயிருச்சு. அப்ப எகிறினதே கடைசி. இன்னொருக்கா எகிறினா விழுந்துருவேன்னு தெரிஞ்சு போச்சு. அத்தனை சனத்துக்கு முன்னால விழோணுமான்னு பயமுங்க. அந்த நேரம் பாத்து விசில் ஊதினாங்க. யாருன்னு கேட்டாங்க. கையத் தூக்கிட்டு வந்து உக்காந்துட்டேன். கை தட்டினாங்க. அது பொய்யுங்க. இத்தனை வருசமா அது உறுத்திக்கிட்டே இருக்குது."

"அப்ப ஃபவுல் பண்ணினது யாருங்க?" என்று கேட்டான் கிளார்க்.

"அது ரெஃப்ரீ பாக்க வேண்டியதுங்க. எனக்கெதுக்கு?" அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் பாதியில எந்திரிச்சு வந்த ஆளு. இவரு கடைசி வரைக்கும் நின்னு ஆடினாரு. இவரைக் கூட்டிட்டுப் போங்க."

பத்து வருஷமாக எனக்காகத்தான் அவர் கையை உயர்த்தினார் என்று நினைத்து அந்த உபகாரத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தேன். இப்போது அது உபகாரமே இல்லை என்கிறார். நிஜமாகத்தான் சொன்னாரா, என்னைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு பொய் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று தெரியும். தன் பயத்தை ஒரு புது மனிதனிடம், பட்டப்பகலில், மிளகைக் கிளறிக்கொண்டே அவரால் சொல்ல முடிந்தது. பக்கத்தில் நின்ற என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

நான் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட்டார்கள். இதற்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடையை விட்டு இறங்கியதும் வாட்ச்மேன் ஓடி வந்தார். என் கையைப் பிடிப்பார் என்று நீட்டினேன். "மலை வரலீங்களா?" என்றார். மெஸ்ஸில் சமைத்தவர், "அவருக்குன்னு பெரிய தட்டு ஒண்ணு வெச்சிருந்தேனே, எப்படி இருக்கார்?" என்றார். பழைய ரெஃப்ரீ கைத்தடி ஊன்றி வந்து அதையே கேட்டார். யார் கிட்டே வந்தாலும் எனக்குத் தெரிந்துபோயிற்று, என்ன கேட்பார்கள் என்று.

திருச்சியில் என்னிடம் அடி வாங்கியவனும் வந்திருந்தான். தலை நரைத்திருந்தது. "அவர் கையை ஒருதரம் பிடிக்கணும்னுதான் வந்தேன்" என்றான். பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சிரித்தான். "அடிச்சது நீங்கன்னு எனக்குத் தெரியாதா என்ன? அவர் கை நமக்கெல்லாம் ஒரு முழம் மேலயில்ல இருந்துச்சு! ஆனா மலை கையைத் தூக்கினப்புறம் நான் என்ன சொல்ல முடியும்?"

நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பும்போது புளியஞ்சோலைப் பாதையில் மலை ஏறினேன். அதில் வந்தால் அவர் ஊர் வழியாகத்தான் வரவேண்டும். வேலியோரம் மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. சால்வையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல ரகமுங்க தம்பி" என்றார். மைதானத்தில் இப்போதும் அந்த வேப்பமரம் இருக்கிறதா, நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கிளம்பப்போனேன்.

"தம்பி."

நின்றேன். அவர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். எதையும் தயங்காமல் சொல்லிவிடுகிற மனிதர் வார்த்தைக்குத் தடுமாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"என்னெ… யாராச்சும் கேட்டாங்களா?"

அவர் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்ததும் அந்த ஒரு தடவைதான்.

"இல்லீங்கண்ணா" என்றேன். "எல்லாம் புது ஆளுங்க. யாரும் கேக்கலை."

"ஆமாமா" என்று தலையை ஆட்டினார். "பத்து வருசம் ஆச்சே. எப்படிக் கேப்பாங்க?" உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, "அம்மிணிகிட்டக் குடுங்க" என்று நீட்டினார். என் தோளில் மடித்துப் போட்டிருந்த சால்வையை அவரே எடுத்து விரித்து என் முதுகைச் சுற்றிப் போர்த்திவிட்டார். "மேல போகப் போகக் குளுருமுங்க."

அடுத்த மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் வந்து அவர் போய்விட்டார். நடுவில் எட்டு மாதம் இருந்தது. வாரா வாரம் சந்தையில் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். என் மனைவி அவரோடு பேசிச் சிரிப்பதையோ, யாரோ அவருக்கு வழி விட்டு ஒதுங்குவதையோ பார்ப்பேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிடுவேன்.

கேட்டார்கள். பதினோரு பேர் கேட்டார்கள். மைதானத்தில் நின்றபடி நான் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தேன்.